கிறிஸ்து பிறப்பு விழாவும் நம் வீட்டு வாசலும்

மனிதனுக்கு முகம் எப்படியோ, வீட்டிற்கு வாசல் அப்படி. உள்ளே இருப்பவர்கள் மகிழ்ந்திருக்கிறார்களா, துயரத்தில் இருக்கிறார்களா, விருந்தினரை எதிர்பார்க்கிறார்களா என்பதையெல்லாம் வாசலே சொல்லிவிடும். திருமணம் என்றால் வாழைமரம், பொங்கல் என்றால் காப்பு, மார்கழி என்றால் பூசணிப்பூக் கோலம் என்று நம் நாட்டில் ஒவ்வொரு நாளுக்கும் வாசலுக்கு ஒரு மொழி உண்டு. அப்படியானால் கிறிஸ்து பிறப்பு விழாவின்போது நம் வாசல் பேச வேண்டிய மொழி எது? நம் போடிநாயக்கனூரிலும் ஏலமலைச் சரிவுகளிலும் எளிதாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே, அதிகச் செலவின்றி வாசலை எவ்வாறு அழகு செய்யலாம்? இவற்றை விளக்குவதே எங்கள் கட்டுரையின் நோக்கமாகும்.

திருமறையில் வாசல்

முதல் கிறிஸ்து பிறப்பு இரவு, திறவாத வாசலைப் பற்றிய கதையாகவே தொடங்குகிறது. விடுதியில் இடமில்லாமையால், பிறந்த குழந்தையை அன்னை மரியா தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்று புனித லூக்கா எழுதுகிறார். இஸ்ராயேல் மக்கள் எகிப்திலிருந்து விடுதலை பெற்ற இரவில், ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை வீட்டு நிலைகளில் பூசியதை விடுதலைப் பயண நூலில் படிக்கிறோம். இயேசு தம்மையே ஆடுகளுக்கு வாயில் என்று கூறினார். திருவெளிப்பாட்டு நூலில் அவர் கதவருகே நின்று தட்டுபவராகவும் காட்சி தருகிறார். வாயிலாக இருப்பவரே, நம் வாயிலில் வந்து தட்டுகிறார்! இதைவிட வியப்பு வேறு உண்டோ?

2024 டிசம்பர் 24 இரவு, யூபிலி ஆண்டின் தொடக்கமாகத் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமையில் புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்து வைத்தார். உலகத் திருச்சபையின் பெரிய கதவும் நம் தெருவிலுள்ள சிறிய கதவும் சொல்லும் செய்தி ஒன்றுதான். உள்ளே வாருங்கள் என்பதே அது. எனவே வாசலை அலங்கரிப்பது வெறும் ஆடம்பரம் அன்று. அது ஓர் அழைப்பு. இக்கருத்தை மனத்தில் கொண்டால், எதைக் கட்டலாம், எதைக் கட்ட வேண்டாம் என்பது தானே விளங்கும்.

எப்போது தொடங்க வேண்டும்?

நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறு அன்று திருவருகைக் காலம் தொடங்குகிறது. அந்நாள் நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எந்த நாளிலும் அமையலாம். இது காத்திருக்கும் காலம். ஆகவே எல்லா அலங்காரத்தையும் ஒரே நாளில் கட்டிவிடாமல், வாரத்திற்கு ஒன்றாகச் சேர்ப்பது பொருத்தமாக இருக்கும். முதல் வாரம் வாசலைக் கழுவித் தூய்மை செய்யலாம். இரண்டாம் வாரம் பச்சை வளையம், மூன்றாம் வாரம் விண்மீன், நான்காம் வாரம் குடில், தோரணம், கோலம் என்று வகுத்துக்கொள்ளலாம்.

தூய்மை செய்யும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். குருத்து ஞாயிறு அன்று மந்திரித்த ஓலையைச் சிலுவையாக மடித்து நிலைக்கு மேல் செருகி வைத்திருப்போம். அதை எடுத்து எறிந்துவிடக் கூடாது. அடுத்த திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாக வேண்டியது அது. புதிய அலங்காரம் அதை மறைக்காதவாறு பார்த்துக்கொள்வது நல்லது.

பச்சை வளையம்

வட்டத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆதலால் அது இறைவனின் முடிவில்லாத அன்பிற்கு அடையாளம். குளிர் நாடுகளில் பனிக்காலத்திலும் இலை உதிர்க்காத ஊசியிலை மரக் கொம்புகளை வளையமாகக் கட்டிக் கதவில் தொங்கவிடுவர்.

இவ்வளையத்தின் உடன்பிறப்பு, நம் ஆலயப் பீடத்தருகே நான்கு மெழுகுவர்த்திகளுடன் வைக்கப்படும் திருவருகைக் கால வளையம். அதன் வரலாறு நெஞ்சை நெகிழ வைப்பது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு ஓர் இல்லம் நடத்தி வந்தார் யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்னும் லூத்தரன் போதகர். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஆவலோடு கேட்கும் சிறுவர்களுக்காக, 1839-ஆம் ஆண்டு ஒரு மரச் சக்கரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும், மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். ஆம், இன்று உலகெங்கும் பரவியுள்ள இவ்வழக்கம் அரண்மனையில் பிறக்கவில்லை. ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தில் பிறந்தது!

சரி, ஊசியிலை மரங்களுக்கு நாம் எங்கே போவது? மலைக்குப் போய்க் காட்டு மரக் கொம்புகளை ஒடித்து வருவது தவறு. காப்புக்காட்டில் ஓர் இளங்கொம்பை வெட்டுவதும் சட்டப்படி குற்றமே. ஏலச்செடி நிழலை நம்பி வாழ்வது. மரம் போனால் நிழல் போகும், நிழல் போனால் ஏலம் போகும். ஏலம் போனால் நம் ஊரின் பிழைப்பு என்னாவது?

ஆனால் வெட்டினால் காட்டிற்கு நன்மையே தரும் செடி ஒன்று நம் மலையடிவாரம் எங்கும் மண்டிக் கிடக்கிறது. அதுதான் உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச் செடியாக வந்து, நம் நாட்டுப் புல்பூண்டுகளை வளரவிடாமல் நெருக்கும் களை இது. கர்நாடகத்தின் மலை மாதேசுவரன் மலையில் சோலிகர் பழங்குடியினர் இதன் தண்டுகளைக் கொண்டு நாற்காலி, மேசை செய்கின்றனர். நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் இதனாலேயே ஆளுயரத்திற்கும் மேற்பட்ட யானை உருவங்களைச் செய்தனர். அவை 2021-ஆம் ஆண்டு இலண்டன் பூங்காக்களில் வைக்கப்பட்டன.

வளையம் செய்யும் முறை இதுதான். விரல் பருமனுள்ள உண்ணித் தண்டுகள் ஐந்தாறு எடுத்து, இலைகளை முழுவதும் உருவிவிட வேண்டும். இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சாகும். ஆதலால் உருவியதை அவை மேயும் இடத்தில் போடக் கூடாது. தண்டில் முள் இருக்கும். பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தோலை உரிக்கலாம். ஈரம் காய்வதற்குள் ஒரு முழ அகலத்தில் வட்டமாக வளைத்து, ஒன்றோடொன்று முறுக்கி வாழைநாரால் கட்டிவிட வேண்டும். இரண்டு நாள் நிழலில் காய்ந்தால் வளையம் இறுகிவிடும்.

பிறகு அதன்மேல் மாவிலை, சவுக்குக் கொம்பு, தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் உதிர்ந்த இலை ஆகியவற்றைச் செருகலாம். சில்வர் ஓக் இலையின் அடிப்புறம் வெள்ளிபோல் மின்னும். அதைத் திருப்பி வைத்தால் சரிகைத் தாளே தேவையில்லை! மாவிலை நம் ஊர்த் தோப்புகளில் உரியவரைக் கேட்டால் மறுக்காமல் கிடைக்கும்.

இனி, போடியின் அடையாளம் ஒன்று வேண்டாமா? கர்நாடகத்திலுள்ள ஹாவேரியில் ஏலக்காயைக் கோத்து மாலை கட்டும் கைத்தொழில் பெயர் பெற்றது. ஏலக்காய் அங்கே விளைவதில்லை. ஆனால் மாலையின் புகழ் அங்கேதான்! ஏலக்காய் ஏலம் நடைபெறும் ஊரில் வாழும் நாம் ஒரு சிறு கொத்தாவது கட்ட வேண்டாமா? ஆனால் ஏலக்காயின் விலையை நாம் அறிவோம். பச்சைக் காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடையே மிஞ்சும். பறிப்பதும் உலர்த்துவதும் தரம் பிரிப்பதும் எத்தனை பெண்களின் உழைப்பு! நல்ல காயை வெயிலிலும் பனியிலும் தொங்கவிட்டு வீணாக்க மனம் வராது. ஆகையால் சமையலறையில் காயை உரித்தபின் எஞ்சும் தோல்களைச் சேர்த்து, மெல்லிய துணியில் சிறு முடிச்சாகக் கட்டி வளையத்தின் அடியில் தொங்கவிடலாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் இலேசான மணம் வீசும்.

வளையத்தைத் தொங்கவிட ஆணி அடிக்க வேண்டியதில்லை. பலர் வாடகை வீட்டிலும் தோட்டத்து லயங்களிலும் இருக்கிறோம். கதவின் மேல்விளிம்பு வழியாகக் கயிற்றைப் போட்டு உட்புறம் நாதாங்கியில் கட்டிவிட்டால் போதும்.

விண்மீன்

ஞானிகளை வழிநடத்திய விண்மீன் இல்லாத கிறிஸ்தவ வாசல் நம் பக்கத்தில் இல்லை. கடைகளில் ஆயத்தமாகக் கிடைத்தாலும், நாமே செய்யும் விண்மீனின் மகிழ்ச்சி வேறு. ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரில், மொரேவியன் சபையாரின் பள்ளியில் 1830-களில் வடிவியல் பாடத்திற்காக மாணவர்கள் தாளில் பல முனை விண்மீன் செய்தார்கள். அதுவே மொரேவிய விண்மீன் என்று உலகப் புகழ் பெற்றது. கணக்குப் பாடத்தில் பிறந்த விண்மீன்! நாமும் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே ஒன்று செய்து பார்ப்போமா?

மூங்கிலைப் பிளந்து, 90 செ.மீ. நீளத்தில் பத்துக் குச்சிகள் சீவிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் இரு முனைகளிலிருந்தும் 34.4 செ.மீ. தொலைவில் அடையாளம் இட வேண்டும். நடுவில் 21.2 செ.மீ. இருக்கும். ஐந்து குச்சிகளைக் கோலத்தில் நட்சத்திரம் போடுவது போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தால், அந்த அடையாளங்களில்தான் அவை ஒன்றையொன்று வெட்டும். இது எப்படி? ஐம்முனை விண்மீனில் வெட்டும் புள்ளி, கோட்டைப் பொன் விகிதத்தில் பிரிக்கிறது. பெரிய பகுதி 55.6, சிறிய பகுதி 34.4. இவற்றின் விகிதம் ஏறக்குறைய 1.618. வடிவொத்த முக்கோணங்களைப் படித்த நாம் இதை நிறுவியும் காட்டலாம்.

முனைகளையும் வெட்டும் புள்ளிகளையும் நூலால் இறுகக் கட்ட வேண்டும். இவ்வாறு இரண்டு விண்மீன்கள் செய்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பின் உட்புறத்து ஐந்து வெட்டும் புள்ளிகளிலும், இரண்டுக்கும் நடுவே 12 செ.மீ. நீளமுள்ள சிறு குச்சியை முட்டுக்கொடுக்க வேண்டும். உடனே விண்மீன் வயிறு உப்பி எழுந்து நிற்கும்! முன்னும் பின்னும் பத்து முக்கோணங்கள், பக்கங்களில் பத்து முக்கோணங்கள், நடுவில் இரண்டு ஐங்கோணங்கள் என இருபத்திரண்டு முகங்கள் அதற்கு உண்டு. பின்பக்கத்து ஐங்கோணத்தை மட்டும் விளக்கு நுழைக்கத் திறந்து விட்டு, மற்றவற்றை வண்ணத் தாளால் மைதாப் பசை தடவி ஒட்ட வேண்டும்.

உள்ளே எரியும் மெழுகுவர்த்தியை வைக்கவே கூடாது. சிறிய எல்.இ.டி. விளக்கே போதும். அது அதிகம் சூடாவதில்லை, மின்சாரமும் குறைவு. ஒட்டுப் போட்ட மின்கம்பியைப் பயன்படுத்தக் கூடாது. டிசம்பரில் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை முற்றும் ஓய்ந்திராது. மலையிலோ மூடுபனி தாளை நனைத்துவிடும். எனவே விண்மீனைத் தாழ்வாரத்தின் உட்புறமாகவே கட்ட வேண்டும்.

பனிக்குப் பதில் பஞ்சு

வாசல் திண்ணையில் குடில் வைப்போர் பலர். முதற்குடிலை 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரெச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்தார். அதில் இருந்தவை வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையுமே. இன்றோ குடிலுக்குப் பனி வேண்டும் என்று தெர்மாகோலை உதிர்த்துக் கொட்டும் பழக்கம் வந்துவிட்டது. அலங்காரத்திற்கான தெர்மாகோலை 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் அரசு தடை செய்துள்ளது. அது மக்கிப் போவதில்லை. சிறு மணிகளாக உதிர்ந்து ஓடைக்கும் வயலுக்கும் போய்ச் சேர்கிறது.

நமக்கு அது எதற்கு? இலவம் பஞ்சு வாணிகத்தில் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. தலையணைக்கும் மெத்தைக்கும் அடைத்தது போக மிஞ்சும் ஒரு கைப்பிடிப் பஞ்சு போதும். இலவம் பஞ்சின் இழை உள்ளே காற்றடைத்த சிறு குழல். மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. அதனால்தான் அது நீரில் எளிதில் நனையாமல் மிதக்கிறது. முற்காலத்தில் கப்பலில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளுக்குக்கூட இதனை அடைத்தார்கள். பனியைப் போலவே பளபளக்கும் இதன் வெண்மை வேறெதற்கு வரும்? ஆனால் எச்சரிக்கை! காற்று நிறைந்த பொருளாதலால் ஒரு பொறி பட்டாலும் குபீரென்று பற்றிக்கொள்ளும். பஞ்சு உள்ள இடத்தில் தீபமோ வத்தியோ இருக்கக் கூடாது. பஞ்சைப் பிய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வதும் அவசியம்.

குடிலைச் சுற்றிப் பசுமைக்கு, டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு தட்டில் மண்ணிட்டு நெல், கேழ்வரகு, பாசிப்பயறு விதைத்துவிடலாம். முளைப்பாரி வளர்க்கத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

கோலமும் தோரணமும்

மாவிலைத் தோரணமும் கோலமும் கிறிஸ்தவர்களுக்கு ஏற்றவையா என்று சிலர் கேட்பதுண்டு. 1606-ஆம் ஆண்டிலேயே மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், தமிழ் மக்களின் நல்ல பழக்கங்களை ஏற்று அவர்களுள் ஒருவராக வாழ்ந்து மறையைப் போதித்தார். விசுவாசத்திற்கு ஊறு செய்யாத மக்களின் மரபுகளைத் திருச்சபை மதித்துக் காக்கிறது என்பதை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டில் தெளிவாக்கியது. கிறிஸ்து பிறப்பு விழா எப்போதும் மார்கழியிலேதான் வருகிறது. தெரு முழுவதும் வாசல்கள் கோலத்தால் மலர்ந்திருக்கும்போது நம் வாசல் மட்டும் வெறுமையாய்க் கிடப்பானேன்? அரிசி மாவினால் இட்டால் எறும்புக்கும் குருவிக்கும் விருந்து. அதுவும் ஓர் அன்புப் பணியன்றோ!

அலங்கரிக்க நேரமில்லாத வாசல்கள்

இதுவரை கூறியவை எல்லாம் எளியவைதாம். எனினும் நம் ஊரில் இவற்றைக்கூடச் செய்ய இயலாத வாசல்கள் உண்டு. டிசம்பர் மாதம் ஏலக்காய் எடுப்பு நடக்கும் காலம். எங்கள் வகுப்பிலேயே சிலருடைய தாய்மார் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகக் கேரளத்துத் தோட்டங்களுக்குச் சென்று, இருட்டிய பின்னரே திரும்புகின்றனர். விழாவிற்கு முந்திய நாளிலும் வேலை உண்டு. அந்த வீட்டுக் கதவு பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. அதில் யார் தோரணம் கட்டுவது?

இன்னொரு வாசலும் உண்டு. ஓராண்டிற்குள் இறப்பு நேர்ந்த வீட்டில் விண்மீன் கட்டாமல் விடுவது பல குடும்பங்களின் வழக்கம். அது மதிக்க வேண்டிய துயரம். ஆனால் தெருவில் எல்லா வாசலும் ஒளிரும்போது, அந்த ஒரு வாசல் மட்டும் இருளில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நாம் கடந்து போகிறோம். அவ்வீட்டுச் சிறு பிள்ளைகள் அண்டை வீட்டு விண்மீனையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இருளில் இருந்தவர்களுக்கே முதலில் ஒளி தோன்றியது என்று திருவருகைக் காலத்தில் கேட்கிறோமே, அது யாருக்குச் சொல்லப்பட்டது?

இதைப் பற்றி எங்கள் வகுப்பில் பேசியபோது இருவகைக் கருத்துகள் எழுந்தன. துக்க வீட்டார் கேட்காமல் நாம் எதுவும் செய்யக் கூடாது என்றனர் சிலர். அவர்களாக எப்படிக் கேட்பார்கள் என்றனர் வேறு சிலர். முடிவில் இரண்டையும் இணைத்து ஒன்று தீர்மானித்தோம். முதலில் அவ்வீட்டுப் பெரியவரிடம் சென்று, அம்மா, கட்டலாமா என்று கேட்பது. இசைந்தால் விண்மீனும் தாள் பூவும் இன்றி, பச்சை வளையம் ஒன்றை மட்டும் கட்டி, திண்ணையில் ஓர் அகல் விளக்கு ஏற்றி வைப்பது. வேண்டாம் என்றால் சற்று நேரம் அவர்களோடு அமர்ந்து செபித்துவிட்டு வருவது. வேலைக்குச் சென்ற தாய்மாரின் வீடுகளுக்கோ, அவ்வீட்டுத் தோழியுடன் சேர்ந்து மாலையில் நாங்களே கோலமிட்டுத் தோரணம் கட்டுவது. ஆகவே எங்களில் ஒவ்வொருவரும் இரண்டு வளையங்கள் செய்கிறோம். ஒன்று நம் வாசலுக்கு, மற்றது பிறர் வாசலுக்கு.

விழாவிற்குப் பின்

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். அன்று ஐரோப்பிய நாடுகளில் மந்திரித்த சுண்ணக்கட்டியால் நிலையின்மேல் அவ்வாண்டின் எண்ணையும், நடுவே சிலுவைக் குறிகளுடன் மூன்று இலத்தீன் எழுத்துகளையும் எழுதுவர். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்னும் ஞானிகளின் பெயர்களுக்கு அவை முதலெழுத்துகள். கிறிஸ்து இவ்வில்லத்தை ஆசீர்வதிப்பாராக என்னும் இலத்தீன் வேண்டுதலின் முதலெழுத்துகளும் அவையே. ஜெர்மனியில் 1959 முதல் சிறுவர் சிறுமியர் ஞானிகளைப் போல் உடையணிந்து நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று, வாசலில் இவ்வாசீரை எழுதி, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காகக் காணிக்கை பெறுகின்றனர். நம் பங்குத்தந்தையிடம் சுண்ணக்கட்டியை மந்திரித்து வாங்கி நாமும் எழுதலாம். அலங்காரம் எல்லாம் கழற்றிய பிறகும் அந்த எழுத்து ஆண்டு முழுவதும் வாசலில் நிற்கும்.

கழற்றும்போது விண்மீன் சட்டத்தைப் பரணில் வைத்தால், அடுத்த ஆண்டு தாள் மட்டும் மாற்றினால் போதும். பஞ்சைத் தட்டிச் சுத்தம் செய்து தலையணையில் அடைத்துவிடலாம். இலைகள் உரக்குழிக்குப் போகும். எறிவதற்கு எதுவும் மிஞ்சாது.

அன்புத் தோழியரே! வாசல் அழகாக இருந்தால் மட்டும் போதாது, அது திறந்திருக்கவும் வேண்டும். விருந்தினர் வரும்போது முறுக்கும் அதிரசமும் தருகிறோம். களைத்து வருபவருக்கு ஒரு செம்பு தண்ணீரும் தருவோம். பெத்லகேமில் சூசையப்பரும் மரியன்னையும் கண்ட மூடிய கதவாக நம் வீட்டுக் கதவு ஒருநாளும் ஆகாதிருக்க, பாலன் இயேசு நமக்கு அருள் புரிவாராக!

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பாக